தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு

சென்னை பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவின் வக்கீல் ஆபீஸ்களிலிருந்து கிளம்பும் கடிதங்கள் பலவற்றின் தலைப்பில், அடிக்கோடிட்டு, 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். வாடகை பாக்கித் தகராறு என்று வைத்துக்கொள்வோம். "மூன்று லட்சம் கேட்கிறீர்கள், எங்கள் கட்சிக்காரர் ஒன்றரை லட்சம் கொடுத்து முடித்துக்கொள்ளத் தயார்" என்று கடிதம் சொல்கிறது. பேச்சு முறிந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால், "பாருங்கள், ஒன்றரை லட்சம் பாக்கி இருப்பதை இவரே ஒப்புக்கொண்டார்" என்று எதிர்த்தரப்பு அதே கடிதத்தை நீதிபதியிடம் நீட்டக் கூடாது. அதற்குக் காப்புத்தான் அந்த இரண்டு சொற்கள். இந்தப் பாதுகாப்பை 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 23ஆம் பிரிவில் எழுதிவைத்தது.

அதே 'பிரெஜுடிஸ்' ஆங்கில நாளிதழைப் புரட்டினால் வேறு வேஷத்தில் நிற்கும்: நிறத்தைப் பார்த்து, மதத்தைப் பார்த்து, பேச்சின் சாயலைப் பார்த்து ஒருவரை வெறுப்பது. சமரசக் கடிதத்தின் தலைப்புக்கும் இந்த வெறுப்புக்கும் என்ன உறவு? முந்திக்கொண்டு முடிவெடுப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு பெரும் சொற்கூட்டமே இருக்கிறது. அதன் மூத்த பிள்ளை இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்கலாம்.

லத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'யூதிகியும்' என்றால் தீர்ப்பு. ரோமானியர்களுக்கு முன்தீர்ப்பு என்பது குறையல்ல, முறையான நீதிமன்ற நடவடிக்கை. பெரிய வழக்கை எடுப்பதற்கு முன், அது எதன்மேல் நிற்கிறதோ அந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாக விசாரித்து முடிவு சொல்வார்கள். 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் இரண்டு உதாரணங்கள் தருகிறார்: இன்னார் விடுதலை பெற்ற அடிமையா, இல்லையா, சீதனத் தொகை எவ்வளவு. இதில் யாருக்கும் தண்டனை கிடையாது, யாரும் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. கேள்விக்கு விடை மட்டும்.

ஆனால் அந்த விடை அங்கேயே நின்றுவிடாது. ஒருவர் சுதந்திர மனிதர் அல்லர் என்று முன்விசாரணையில் முடிவாகிவிட்டால், அடுத்து வரும் சொத்து வழக்கில் அவர் வாய் திறந்து ஆகப்போவது என்ன? முதல் முடிவு இரண்டாவதன் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் லத்தீனிலேயே இந்தச் சொல்லுக்குப் பாதகம், நஷ்டம் என்ற பொருளும் சேர்ந்தது. பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது முன்னால் நின்றது இந்தப் பாதகம்தான். மனத்தில் முன்கூட்டியே ஊறிக் கிடக்கும் எண்ணம் என்ற பொருள் அதன் தோளில் ஏறி வந்தது. வக்கீல் கடிதம் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது: இப்போது சொல்வது பின்னால் எங்கள் உரிமைக்குப் பாதகமாக வேண்டாம். அமெரிக்க நீதிமன்றங்களில் இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. 'வித் பிரெஜுடிஸ்' என்று வழக்கைத் தள்ளுபடி செய்தால் அதே வழக்கை மறுபடி போட முடியாது; கதவு சாத்தியாகிவிட்டது. 1969இல், வியட்நாமில் இரட்டை உளவாளி என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரை அமெரிக்கச் சிறப்புப் படையினர் கொன்ற விவகாரம் வெளியே வந்தபோது, ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கு உளவுத்துறை வட்டாரத்தில் புழங்கிய ஒரு நாசூக்கான சொற்றொடரும் சேர்ந்து அம்பலமானது: கடும் பிரெஜுடிஸோடு வேலைநீக்கம். திரும்பவும் வேலைக்கு எடுக்க வாய்ப்பே இல்லாதபடி.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முந்திக்கொள்வதை இந்தச் சொற்கள் எல்லாமே கண்டிக்கின்றன என்று அகராதியைப் பார்த்தால் தோன்றும். ஒவ்வொன்றின் பிறப்பையும் கிளறினால், முந்துவதில் பெரிய தப்பு இருந்ததாகவே தெரியவில்லை. முந்தி எடுத்த முடிவைப் பிறகு பிரிக்க முடியாமல் போவதுதான் வினையாகிறது. நீதிமன்ற மொழிக்கு இது எப்போதும் நினைவில் இருந்தது. பேச்சு மொழி மறந்துவிட்டது.

லத்தீன் வருவதற்கு முன் ஆங்கிலத்துக்குச் சொந்தமாக ஒரு சொல் இருந்தது: 'டூம்'. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தீர்ப்பு, சட்டம் என்றுதான் பொருள். 1086இல் வில்லியம் மன்னர் நாடு முழுக்க நிலத்தையும் ஏரையும் மாட்டையும் எண்ணி எழுதவைத்த பதிவேட்டை மக்கள் 'டூம்ஸ்டே புத்தகம்' என்றார்கள்; அதில் எழுதியதற்கு அப்பீல் இல்லை. பிரிட்டனுக்கு அருகே உள்ள மான் தீவில் நீதிபதிகளுக்கு இன்றைக்கும் 'டீம்ஸ்டர்' என்றுதான் பெயர். ஆனால் பொது ஆங்கிலத்தில் 'டூம்' என்றால் இப்போது அழிவு. தீர்ப்புக்கான சொல்லே நாளடைவில் அழிவுக்கான சொல்லாகிவிட்டதைப் பார்த்தால், அந்தக் காலத்துக் குடியானவன் நீதிமன்றத்திலிருந்து எந்த முகத்தோடு வீடு திரும்பினான் என்று ஊகிக்கலாம். இது என் ஊகம்தான், அகராதிக்காரர்கள் பொறுப்பல்ல.

அவசரத் தீர்ப்புக்கு ஊர்ப் பெயரையே வைத்த வழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது 'லிட்ஃபோர்டு சட்டம்'. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது லிட்ஃபோர்டு. 1195இல் கைதிகளை அடைப்பதற்கென்றே அங்கே ஒரு கல் கோபுரம் எழுப்பினார்கள். அந்த வட்டாரம் முழுக்கத் தகரச் சுரங்கங்கள். சுரங்கத்தாருக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனிச் சிறை. அந்தச் சிறைதான் இந்தக் கோபுரம். காலையில் தூக்கில் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் உட்கார்ந்து விசாரிப்பார்கள் என்பது ஊரின் பேர். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் வீழ்ச்சியையொட்டி எழுந்த ஒரு பழைய கவிதையிலேயே இந்தத் தொடர் வந்துவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான டாவிஸ்டாக்கைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் இதை வைத்து ஒரு கேலிப்பாட்டே எழுதினார்.

கேலிக்கு அடியில் நிஜமும் இருந்தது. பிளிம்ப்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்டு ஸ்ட்ரோடு, சுரங்கக் கழிவு துறைமுகங்களைத் தூர்க்கிறது என்று கண்டு அதைக் கட்டுப்படுத்தும் மசோதாக்களை முன்வைத்தார். சுரங்க நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. அவருக்கு அபராதம் போட்டு, லிட்ஃபோர்டு சிறையில் தள்ளியது. 1512இல் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்புகளைச் செல்லாதவையாக்கிச் சட்டம் இயற்றியது. அவையில் பேசியதற்காக உறுப்பினர் மேல் வழக்குப் போட முடியாது என்ற உரிமையின் வரலாற்றில் ஸ்ட்ரோடு சட்டம் ஒரு முக்கியக் கல். கோபுரம் இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்து எல்லையிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு: ஜெட்பர்க் ஊரின் பெயரால் 'ஜெட்டார்ட் நீதி'. கால்நடைத் திருடர்களை முதலில் தொங்கவிட்டு அப்புறம் வழக்கைப் பார்க்கும் நீதி. 1865இல் லூயிஸ் கரோல் ஆலிஸ் கதையில் ராணி, தண்டனை முதலில், தீர்ப்பு அப்புறம் என்று கத்தும்போது, அவர் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை.

முன் என்ற ஒட்டோடு வந்த லத்தீன் சொற்களின் வரிசை நீளம். 'பிரெசிபிடேட்' என்ற சொல்லுக்குள் இருப்பது தலை. தலை முன்னே போக, உடம்பு பின்னால் விழுவது. செங்குத்துப் பாறைக்கான 'பிரெசிபிஸ்' இதன் கூடப்பிறப்பு. நம் 'எடுத்தேன் கவிழ்த்தேன்' இதற்குப் பக்கத்தில் வரும். 'பிரிமெச்சூர்' காலத்துக்கு முன் கனிந்தது. 'பிரிகோஷியஸ்' முன்கூட்டியே வெந்தது. பிஞ்சிலே பழுத்தது என்று நாம் சொல்லும் அதே பிள்ளையைத்தான் ஆங்கிலமும் சொல்கிறது, கொஞ்சம் பாராட்டும் கலந்து. இந்த லத்தீன் வேரிலிருந்து ஒரு பழமும் கிளம்பியது. மற்றப் பழங்களுக்கு முன்னால் பழுப்பதால் ரோமானியர் அதற்கு முந்திப் பழுப்பது என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கிரேக்கத்துக்குப் போய், அரபியில் 'அல்-பர்கூக்' ஆகி, ஐபீரிய மொழிகள் வழியாக ஐரோப்பாவுக்குத் திரும்பி, ஆங்கிலத்தில் 'ஆப்ரிகாட்' ஆயிற்று. முந்துவதைப் பழி சொல்லாமல் விட்ட ஒரே சொல் இந்தப் பழத்தின் பெயர்தான் போலும்.

இந்த ஒட்டுச் சொற்களைத் தரம் பிரித்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த். 1637இல் வெளிவந்த தன் சிறு நூலில் சிந்தனைக்கான நான்கு விதிகளைச் சொன்னபோது, முதல் விதியிலேயே இரண்டு எதிரிகளைத் தனித்தனியாகக் குறித்தார்: பிரெசிபிடாசியோன், பிரெவான்சியோன். முன்னது அவசரம், தெளிவு வருவதற்குள் தலைநீட்டுவது. பின்னது ஏற்கெனவே மனத்தில் குடியேறியிருப்பது. பள்ளியிலும் வீட்டிலும் ஊட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் முன்முடிவைப் பற்றிய பேச்சுகள் பாதியில் வழுக்கிப்போகின்றன. அவசரத்துக்கு மருந்து, ஒரு நாள் பொறுப்பது. குடியேறியதை நூறு நாள் பொறுத்தாலும் அசைக்க முடியாது. உட்கார உட்கார அது தடித்துப்போகும்.

ஜேன் ஆஸ்டினின் நாவல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1790களில் எழுதிய முதல் வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் 'முதல் தோற்றங்கள்' என்ற பொருளில் இருந்தது. 1813இல் புத்தகம் வந்தபோது அட்டையில் இருந்தது 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்'. ஃபேனி பர்னியின் 'செசிலியா'வில், 1782இலேயே, அந்த இரட்டைச் சொல் இருக்கிறது. பெயர் மாறியதால் கதையின் பாரமும் இடம் மாறிவிட்டதாக எனக்குப் படுகிறது. ஒரு நடன விருந்தில் டார்சியைப் பார்த்தவுடன் எலிசபெத் எடுத்த முடிவு அவசரம், யாருக்கும் நேர்வது. விக்கம் என்பவன் டார்சியைப் பற்றிச் சொன்ன கதையை அதன்மேல் அடுக்கி, மாதக்கணக்கில் விசாரிக்காமலே இருந்தது இரண்டாவது வகை. டார்சியின் கடிதத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்து, தன் முடிவைத் தானே பிரித்துப் பார்க்கும் அத்தியாயம்தான் நாவலின் முதுகெலும்பு.

'பயஸ்' என்ற சொல்லின் ஊர் வேறு. பிரெஞ்சில் அது வெறும் சாய்கோடு. தையற்கலைக்காரர்கள் துணியை மூலைவாட்டில் வெட்டுவதை ஆங்கிலத்தில் இன்னும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். நம் ஊர் டெய்லர் கடையில் 'கிராஸ் கட்டிங்'. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புல்தரைகளில் ஆடிய பந்துருட்டும் ஆட்டம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அந்த மரப்பந்தை ஒரு பக்கம் கனமாக இருக்கும்படி செய்வார்கள். தள்ளிவிட்டவுடன் நேராகத்தான் ஓடும். வேகம் குறையக் குறைய, கனமான பக்கம் இழுத்து, வளைந்து வளைந்து ஓய்கிறது. நல்ல ஆட்டக்காரர் இந்த வளைவைக் கணக்கில் எடுத்தே உருட்டுவார். ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில் ஒரு பாத்திரம், உலகம் சரிசமமாகச் செய்த பந்துதான், சுயலாபம் என்ற பயஸ்தான் அதை வழி திருப்புகிறது என்று நீளமாகப் பேசுகிறது. விளையாட்டுத் தரையிலிருந்து மனத்துக்கு அந்தச் சொல் இப்படித்தான் தாவியது.

1974இல் உளவியலாளர்கள் ஆமாஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லை உளவியலின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு சோதனை. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று பிறகு கேட்கிறார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யார் மேலும் வெறுப்பும் இல்லை. இருந்தும் முதலில் கண்ட எண் இழுக்கிறது. கனமான பக்கம் எது என்று தெரிந்துவிட்டால் பந்து எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடலாம். இந்தப் பிழைகளும் அதே மாதிரி முன்கூட்டிச் சொல்லக்கூடியவை. அந்த வகையில் 'பயஸ்' மற்றச் சொற்களைவிட நேர்மையான சொல். திட்டாமல், சாய்வை அளக்க விடுகிறது.

பிடிவாதமாக வெறுப்பவரைக் குறிக்கும் 'பிகட்' பற்றி இரண்டு வரி போதும். 911இல் நார்மன் தலைவன் ரோலோ, பிரெஞ்சு மன்னனின் பாதத்தை முத்தமிட மறுத்து, கடவுள் மேல் ஆணையாக மாட்டேன் என்று சொன்னதிலிருந்து இந்தச் சொல் வந்தது என்ற கதை காலங்காலமாக ஓடுகிறது. அதற்குச் சான்று இல்லை. சொல்லின் வேரைத் தேடுபவர்களிலும் அவசரக்குடுக்கைகள் உண்டு.

அச்சுக்கூடத்தில் பிறந்த 'ஸ்டீரியோடைப்' கதைக்கு நேரம் ஒதுக்கலாம். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. பாரிஸ் அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிர்மான் திதோ 1790களில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கோத்த ஈய எழுத்துகளின் பக்கத்தை அச்சுவார்ப்பெடுத்து, முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக ஊற்றிவிடுவது. எழுத்துகளைக் கலைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தகடு அலமாரியில் இருக்கும், வேண்டும்போது அச்சடிக்கலாம். அவர் இந்த முறையை முதலில் கையாண்ட புத்தகங்களில் ஒன்று, 1795இல் வந்த, காலே என்பவரின் மடக்கை அட்டவணை. எண்கள் நிறைந்த புத்தகத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாகக் கோத்தால் ஒவ்வொரு முறையும் புதுப் பிழைகள் நுழையும். தகடாக ஊற்றிவிட்டால் கண்டுபிடித்த பிழையை மட்டும் செதுக்கித் திருத்தலாம், புதியது வராது. ஆக, பிழையை விரட்டப் பிறந்த கருவி அது. தேய்ந்த சொல்லுக்கான 'கிளிஷே'யும் இதே தகட்டுக்குப் பிரெஞ்சு அச்சுக்காரர்கள் வைத்த பெயர்தான்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922இல் எழுதிய 'பப்ளிக் ஒபீனியன்' நூல்தான் தகட்டை மண்டைக்குள் வைத்தது. நாம் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். இத்தனை தெளிவாக எழுதிய அதே லிப்மன், இருபது ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரியில், கலிபோர்னியா போய்வந்து ஒரு பத்தி எழுதினார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம். அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் எந்த நாசவேலையிலும் பெரிதாக ஈடுபட்டதாகத் தெரியவில்லை. லிப்மனுக்கு அதுவே சந்தேகத்துக்கு இடமாயிற்று: அடி இன்னும் விழவில்லை என்றால், பெரிய அடிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். மேற்குக் கரை ராணுவத் தளபதி ஜான் டெவிட் தன் பரிந்துரையிலும் இதையேதான் எழுதினார். பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையின்படி சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்.

தப்பு செய்தால் ஆதாரம், செய்யாவிட்டால் இன்னும் பெரிய ஆதாரம். இது அவசரத்தில் வந்த முடிவே அல்ல. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தது. எந்தத் தகவல் வந்தாலும் திறக்காதபடி முன்னமே வார்த்துவிட்டிருந்தது. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அந்த வெளியேற்றத்தை அங்கீகரித்தது. 1980களில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், இன முன்முடிவு, போர்க்காலப் பதற்றம், அரசியல் தலைமையின் தோல்வி என்ற மூன்றையும் காரணங்களாகச் சொன்னது. 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள்.

முன்முடிவுக்காக வாதாடியவர்களும் உண்டு. 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைத் தாக்கி எழுதிய எட்மண்ட் பர்க், தலைமுறைகள் சேர்த்துவைத்த விவேகம்தான் பிரெஜுடிஸ் என்றார். ஒவ்வொரு தருணத்திலும் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாத மனிதனை அது தயார் நிலையில் வைக்கிறது. 1960இல் ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் கேயார்க் காடமர் இன்னும் ஆழமாகப் போனார். முன்முடிவையே கெட்டதென்று ஒதுக்கியது அறிவொளிக் காலத்தின் சொந்த முன்முடிவு. ஏதோ ஒரு முன்னெண்ணம் இல்லாமல் எவரும் எதையும் படிக்கத் தொடங்கவே முடியாது. அவரும் சொல்லின் பழைய நீதிமன்றப் பொருளைத் தேடிப்போய்த்தான் இந்த வாதத்தைக் கட்டுகிறார். காடமர் சொல்வது எனக்குச் சரியென்று படுகிறது. பர்க்கை அப்படி ஏற்க முடியவில்லை. பாட்டன் காலத்து வழக்கம் என்பதாலேயே ஒன்றை விவேகம் என்று கும்பிட்டதன் விலை என்ன என்று, இரட்டைக் குவளைகளைப் பார்த்த தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹார்வர்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட 'தி நேச்சர் ஆஃப் பிரெஜுடிஸ்' நூலில் கோட்டைச் சரியான இடத்தில் போட்டார். முன்கூட்டி எடுத்த முடிவு புதிய தகவல் வந்தும் மாறாமல் முரண்டு பிடித்தால்தான் அது பிரெஜுடிஸ். மாறிவிட்டால் வெறும் தப்புக் கணக்கு.

சட்டம் இந்தக் கோட்டை வெகு முன்பே போட்டுவிட்டது, 'பிரிசம்ப்ஷன்' என்ற சொல்லை வைத்து. லத்தீனில் முன்கூட்டி எடுத்துக்கொள்வது. பேச்சு ஆங்கிலத்தில் அதற்கு அகந்தை என்ற சாயல் உண்டு. தனக்கு இன்னும் கொடுக்காத இடத்தை ஒருவன் தானே எடுத்துக்கொள்வது. நீதிமன்றத்திலோ அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. குற்றம் சாட்டப்பட்டவரை நிரபராதி என்று கொள்வதும் சாட்சியத்துக்கு முந்திய முடிவுதானே. 1935இல் இங்கிலாந்தின் வுல்மிங்டன் வழக்கில் சாங்கி பிரபு அதைக் குற்றவியல் சட்டம் முழுதும் ஓடும் பொன்னிழை என்று வர்ணித்தார்.

முதலில் பார்த்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் அதன் 4ஆம் பிரிவில் முன்முடிவுகளை மூன்று படியாக அடுக்கினார். முதல் படியில் நீதிபதி விரும்பினால் ஊகித்துக்கொள்ளலாம், அல்லது நிரூபிக்கச் சொல்லலாம். இரண்டாம் படியில் ஊகித்தே ஆக வேண்டும், ஆனால் எதிர்த்தரப்பு அதை உடைக்கச் சாட்சியம் கொண்டுவரலாம். மூன்றாம் படி முடிவான சான்று. அதை உடைக்கச் சாட்சியமே அனுமதி இல்லை. திருமண பந்தம் இருக்கும்போதோ, அது முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்துகொள்ளாதிருக்கும்போதோ பிறந்த குழந்தை அந்தக் கணவனுக்கே பிறந்தது என்பது மூன்றாம் படியில் வைக்கப்பட்டது. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால் மட்டும் விலக்கு. குழந்தையின் தலையில் பழி விழாமல் காக்க வேண்டுமென்றே சாத்திய கதவு அது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜீவனாம்ச வழக்கில், கணவர் தந்தை அல்லர் என்று டி.என்.ஏ. சோதனை காட்டியிருந்தது. அறிவியல் உண்மையும் சட்டத்தின் ஊகமும் மோதினால் உண்மைக்கே இடம் என்றது நீதிமன்றம். பழைய சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் அந்தப் பிரிவு 280 நாள் கணக்கோடு தொடர்கிறது. டி.என்.ஏ. பற்றி அதில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.